நடுக்குமிழ்

தங்கச்சியைப் பதினோரு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோவார்கள் என்பதை மட்டும் நினைக்கக் கூடாது என்று டெல்பின் காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். மணி ஒன்பதே முக்கால். நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில், டயர் கடைக்கு மேல்மாடியில், சுவரெல்லாம் பஞ்சுப்பலகை ஒட்டிய அவளுடைய சின்ன ரெக்கார்டிங் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஷைனி எழுபது கிலோமீட்டருக்கு அப்பால், திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். குரல்வளையை முழுசாக எடுக்கப்போகிறார்கள். கழுத்தின் அடியில் ஒரு துளை வைப்பார்கள், மூச்சு அதன் வழியாகத்தான். பேச்சு போகும், உயிர் தங்கும் என்று டாக்டர் சொன்னார். உயிர் தங்கும், உயிர் தங்கும் என்று இந்த ஒரு மாதமாக வீட்டில் எல்லாரும் அந்தப் பாதியை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ வராண்டாம் அக்கா, கிங்ஸ்லி கூட இருக்காரு, ஒரு ஆளத்தான் உள்ள விடுவாவ, நீ பாட்ட முடிச்சுக் குடு, ஞாயித்துக்கிழம சபை நூறாவது வருஷத்துக்குப் போடணும், ரெண்டு மணிக்குள்ள செக்ரட்டரி கையில போய்ச் சேரணும் என்று ஷைனி நேற்று கட்டளையாகச் சொன்னபோது டெல்பின் மல்லுக்கட்டவில்லை. மல்லுக்கட்டியிருக்க வேண்டும். அக்காக்காரி என்றால் அழுது அடம்பிடித்துப் பஸ் ஏறியிருப்பாள். இவளுக்கோ, அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததில் நெஞ்சுக்குள் ஒரு சின்ன ஆசுவாசம் வந்தது. அந்த ஆசுவாசத்தை நினைத்து ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இப்போது பாட்டை எட்டாவது தடவையாக முதலிலிருந்து ஓடவிட்டாள். நீர் நடந்த மணலிலே நானும் நடந்தேன். லே என்று நீட்டும் இடத்தில் அது வந்தது. காய்ந்த ஓலையை யாரோ தரையில் இழுத்துப் போவதுபோல, குரலுக்கு நடுவில், நட்டநடுவில்.

முன்னால் மூன்று குமிழ்கள். பாஸ், மிட், ட்ரெபிள். பாஸைத் திருப்பினால் நெஞ்சுக்கூடு கேட்கும், ட்ரெபிளைத் திருப்பினால் உதடும் பல்லும் மூச்சின் நுனியும் பளபளக்கும். ஆனால் ஆள் யாரென்று காட்டுவது நடுவிலுள்ள மிட்தான். மிட்டைக் குறைத்துவிட்டால் குரல் பன்னீர் தெளித்தமாதிரி அழகாகிவிடும், யாருடைய குரலாக வேண்டுமானாலும் ஆகிவிடும். பதினேழு வருஷமாக டெல்பின் செய்யும் வேலை இதுதான். மாவட்டத்தில் பாதி ஞானப்பாட்டு இந்த அறையில்தான் பதிவானது. பாடுபவர்கள் ஜலதோஷத்தோடு வருவார்கள், பயத்தோடு வருவார்கள், முந்தின நாள் சண்டை போட்டுத் தொண்டை கட்டி வருவார்கள். அக்கா நீங்க பாத்துக்கிடுங்க என்பார்கள், இவள் பார்த்துக்கொள்வாள். ஒனக்க காது காதில்ல, தராசு என்று செத்துப்போன அப்பா சொல்வார். தராசு. இடது கையால் மிட்டைத் தொட்டாள். மைனஸ் மூன்று. ஓலை இருந்தது. மைனஸ் ஐந்து. தூரப்போனது. மைனஸ் ஒன்பதில் காணாமலே போயிற்று. ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றினாள், பாஸைச் சுண்டுவிரல் அளவு கூட்டினாள், ஷைனி இருபது வயசுப் பெண்போலப் பாடினாள், டெல்பின் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து கதவுவரை போய்த் திரும்பி வந்தாள். மூன்று குமிழையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். ஓலை திரும்பி வந்தது. அதையாவது கேட்க முடிகிறது. அழகாக இருப்பதைத்தான் கேட்க முடியவில்லை.

எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். பிப்ரவரி மாதம், அவருடைய அறையில், ஷைனி நாற்காலியிலும் இவள் பின்னால் நின்றுகொண்டும். சப்தம் மாறித் தொடங்கினது எப்போ, சரியாட்டு ஓர்த்துச் சொல்லணும் என்று மலையாளமும் தமிழுமாகக் கேட்டார். ஒரு மாசமாச்சு டாக்டர், கிறிஸ்மஸ் முடிஞ்ச பெறகு என்றாள் ஷைனி. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இது ஒரு மாச வளர்ச்சி இல்ல, ஒரு ஆறு மாசம் முந்தி வந்திருந்தா வெறும் ரேடியேஷன்ல தீர்த்திருக்கலாம், குரலும் தங்கியிருக்கும் என்றார். ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள், தன் மேல்தான் தப்பு என்பதுபோல. பின்னால் நின்றவளுக்கு நாள் தெரியும். வருஷம் தெரியும், மணி தெரியும். எதுவும் அழியாமல் இந்தக் கம்ப்யூட்டருக்குள் கிடக்கிறது. எந்தப் பாட்டுக்கு எந்தக் குமிழ் எங்கே நின்றது என்று அப்படியே வைத்திருக்கும் கம்ப்யூட்டர். டெல்பின் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன சொல்ல? அன்றைக்குச் சொன்னாலும் ஆறு மாதம் திரும்பி வராது. இந்த வாதத்தை அவள் பஸ்ஸில் வரும்போதே கட்டிவிட்டாள், வீட்டுக்கு வந்ததும் அது இடிந்தது, மறுநாள் மறுபடி கட்டினாள். ஆறு மாதத்துக்கு முன்னால் அது வெறும் கரகரப்பு. கரகரப்பு யாருக்குத்தான் இல்லை. ஷைனி ஸ்கூல் டீச்சர், மூன்றாம் வகுப்பு, நாற்பது பிள்ளைகளைக் கத்திக் கத்தி அடக்குபவள். டீச்சர் தொண்டை என்றுதான் யாரும் நினைப்பார்கள். சிகரெட் கிடையாது, வெற்றிலை கிடையாது, முப்பத்தேழு வயசு, யாருக்கு அந்த நினைப்பு வரும்? வராது. எனக்கு மட்டும் எப்படி வரும்? ஆனால் எனக்குக் கேட்டதே. மற்றவர்களுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. கேட்டதற்குத்தானே கையை நீட்டித் திருப்பினேன்.

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் மிஷின் ஓட ஆரம்பித்தது, தரை வழியாக அதன் அதிர்வு காலுக்கு ஏறியது. அது ஓயும்வரை வேலை செய்ய முடியாது. அந்தச் சமயத்தில்தான் அவள் பழைய ஃபைல்களைத் திறந்தாள், ஒரு மாதமாகத் திறக்காமல் சுற்றிச் சுற்றி வந்தவற்றை. கிறிஸ்மஸ் பாட்டு. ஷைனியின் குரலுக்கு மிட் மைனஸ் ஏழு. அக்டோபரில் ஒரு கல்யாண வாழ்த்து. மைனஸ் நாலு. ஆகஸ்ட் பதினாலு, சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடியது. மைனஸ் இரண்டு. ஜூன் மாதத்துப் பாட்டில் குமிழ் பூஜ்யத்தில் நின்றது. இரண்டு, நாலு, ஏழு, இன்றைக்கு ஒன்பது. டாக்டர் கேட்ட கேள்விக்கு எந்த ஸ்கேனும் சொல்லாத பதில் இது. தன் தங்கச்சி தொண்டையில் ஒரு கட்டி வளர்ந்ததைத் தேதி போட்டு அளந்து வைத்திருக்கிறாள், அளந்த கையாலேயே மூடியும் வைத்திருக்கிறாள். இல்லை, கேட்டிருப்பேன். ஷைனியிடம் கேட்டிருப்பேன், தொண்டை சரியில்லியா மக்கா, யாரிடமாவது காட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். சொன்னதுபோலத்தான் இருக்கிறது. மைக் பக்கத்தில் நின்று சொன்னதுபோல, ஷைனி தண்ணீர் பாட்டிலை மூடியபடி தலையாட்டியதுபோல. அது நடந்ததா, நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதா? ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு தடவை. சொல்லியும் அவள்தான் போகவில்லை என்று ஆகிவிடும். இப்படி நினைத்தவுடன் தன் தங்கச்சி தலையில் பழியைத் தூக்கி வைக்கப் பார்க்கிறோமே என்று உடம்பு கூசியது. கூசினாலும் கை நிற்கவில்லை. ஆகஸ்ட் பதினாலின் முழுப் பதிவையும் எடுத்தாள். வெட்டாத பதிவு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மைக்கை அணைக்காமல் விட்டதில் விழுந்த இருமல், சிரிப்பு, நாற்காலி இழுக்கும் சத்தம் எல்லாம் அதில் இருக்கும். ஹெட்போனைக் காதோடு இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

பிள்ளைகள் கூச்சல். யாரோ ஒரு டீச்சர் அதட்டுகிறாள். பிறகு கதவு சாத்தும் சத்தம், அமைதி. ஷைனி தனியாக ஒரு வரி பாடுகிறாள், நிறுத்துகிறாள், செருமுகிறாள். காலடி. இது நான்தான், மைக் ஸ்டாண்டை இறக்க உள்ளே போகிறேன். ஸ்டாண்டின் கிறீச். இப்போது கேட்கப்போகிறேன், கேள், கேள் பிள்ளே, வாயைத் திற என்று டெல்பின் ஏழு மாதத்துக்கு முந்தின தன்னைப் பார்த்துக் கெஞ்சினாள். பேசியது ஷைனி. "அக்கா, ஒரு மாதிரி கரகரன்னு கெடக்கு இல்லியா? ரெண்டு வாரமாட்டு இப்பிடித்தான். டாக்டர்ட்ட காட்டணுமோ என்னவோ." பிறகு டெல்பினின் குரல், அவசரமாக, ஸ்டாண்டைத் திருகிக்கொண்டே, வேறு எதையோ யோசித்துக்கொண்டே: "அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீ பாடு மக்கா." காலடி. கதவு. அவ்வளவுதான். திரும்ப ஓடவிட்டாள். அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். திரும்ப. பாத்துக்கிடுதேன். தன் குரலில் ஒரு குறையும் இல்லை, பாஸும் மிட்டும் ட்ரெபிளும் சரியாக அமைந்த நல்ல கனத்த குரல், எடுத்துப்போட வேண்டியது அதைத்தான், இந்தக் குரல்வளையைத்தான் அறுத்துப்போட வேண்டும். ஹெட்போனைக் கழற்றினாள். கீழே மிஷின் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. நாக்கு உப்புக் கரித்தது. அழுகிறோம்போல என்று நினைத்தாள். எழுந்து முகம் கழுவ வேண்டும், செக்ரட்டரிக்கு ரெண்டு மணி, மிட்டை எங்கே வைப்பது, அம்மாவுக்குப் போன் பண்ணி ஜோவிதா சாப்பிட்டாளா என்று கேட்க வேண்டும். ஷைனியின் மகள் ஜோவிதாவுக்கு ஏழு வயசு. அம்மாவுக்குத் தொண்டையில் சின்ன முள், எடுத்துட்டு வருவாங்க என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். எடுத்த பிறகு அம்மா பேசமாட்டாள் என்பதை யார் சொல்வது, எப்போது சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது? அதையும் நான் பாத்துக்கிடுதேன் என்று சொல்லியிருப்பேனோ என்று திடுக்கிட்டாள்.

பத்து இருபதுக்கு போன் அடித்தது. ஷைனியின் புருஷன் கிங்ஸ்லியின் நம்பர். எடுத்தால் ஷைனி. "அக்கா, துணி மாத்திட்டாவ. தலைக்குப் பச்சத் தொப்பி. என்னப் பாத்தா ஒனக்குச் சிரிப்பு வரும்." போனில் பாஸும் கிடையாது, ட்ரெபிளும் கிடையாது, நடுவிலுள்ளதை மட்டும் எடுத்து அனுப்பும் சாமான் அது. அதனால் டெல்பினுக்கு ஓலை மட்டும்தான் கேட்டது, ஓலைக்குள்ளிருந்து தங்கச்சி பேசினாள். "அரை மணிக்கூர் ஆவும்னு நர்ஸ் சொன்னா. பாட்டு முடிஞ்சா?" டெல்பின் முடியப்போகிறது என்றாள். பிறகு, இந்த நேரத்தில் இதைச் சொல்வது பாவம், சொல்லாமல் விடுவது அதைவிடப் பாவம், சொல்லி அவளை அழவைத்து உள்ளே அனுப்பினால் நான் மனுஷியே இல்லை, சொல்லாமல் அனுப்பினால் அவள் இனிமேல் வாய் திறந்து என்னை ஏசக்கூட முடியாது, கடைசிச் சந்தர்ப்பம், ஏசட்டும், என் காது கேட்க ஏசட்டும் என்று எல்லாம் ஒரே மூச்சில் முட்டிக்கொண்டு வர, "ஷைனி, ஆகஸ்ட் மாசமே எனக்குக் கேட்டுது" என்றாள். "ஒனக்கு மிட்ட கொறச்சுக் கொறச்சு வச்சேன். ஒவ்வொரு பாட்டுக்கும். டாக்டர் கேட்டப்போ நான் சொல்லல்ல. நீ அண்ணைக்கே கேட்ட, டாக்டர்ட்ட காட்டணுமான்னு. நான்தான்..."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. ஏற இறங்கச் சுரண்டிக்கொண்டு போன மூச்சு. "எனக்கு ஓர்ம இருக்கு" என்றாள் ஷைனி. "நீ பாட்டு அனுப்பின ஒடனே கிங்ஸ்லிக்குப் போட்டுக் காட்டினேன். பாருங்க, கிளி மாதிரி இருக்கு, எனக்க தொண்டைக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி வச்சிருந்தேன் அக்கா. போவல்ல." டெல்பின் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். பஞ்சுப்பலகை உள்ளே அமுங்கியது. இது அவளுக்குத் தெரியாது. இது மட்டும் தெரியாது. மூடிவைத்தோம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவளைத் தன் கையாலேயே பிடித்து வீட்டில் உட்காரவைத்திருக்கிறாள். "ஒனக்கு என் மேல ஆத்திரம் வரல்லியா பிள்ளே?" என்று கேட்டாள், குழந்தை கேட்பதுபோல. "வந்துது. டாக்டர் ஆறு மாசம்னு சொன்ன அண்ணைக்கே வந்துது. இப்பவும் இருக்கு" என்றாள் ஷைனி. "பொய் சொல்ல மாட்டேன் அக்கா. ஆனா இப்போ அதுக்கு நேரம் இல்ல. இருக்குத அரை மணிக்கூர ஒன்ட்ட சண்ட போட்டுக் கழிக்கவா? பாட்டப் போடு. கேக்கட்டு."

டெல்பின் போனை ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்று குமிழும் பூஜ்யத்தில் நின்றன. அதை அப்படியே விட்டுவிட்டுப் பாட்டை ஓடவிட்டாள். இனி ஒருபோதும் இவள் குரலில் கை வைக்கமாட்டேன், உள்ளது உள்ளபடி சபை கேட்கட்டும், நூறு வருஷத்துக்கும் கேட்கட்டும் என்று அந்த நிமிஷத்தில் முடிவே செய்துவிட்டாள். அந்த முடிவில் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. மணலிலே என்று நீண்ட இடத்தில் ஓலை இழுபட்டது. அது முடியும்முன் ஷைனி சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று. "இது ஆரு அக்கா, பல்லு போன பொம்பள மாதிரி? நீ இன்னும் மிட்டக் கொறைக்கல்லியா?" "கொறைக்க மாட்டேன்" என்றாள் டெல்பின். "இனி கொறைக்க மாட்டேன். இது ஒனக்க குரல்." "எனக்க குரல் இது இல்ல" என்றாள் ஷைனி, சட்டென்று கறாராக, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசும் கறார். "இது நோவுக்க சத்தம். எனக்க மவ இனிமே வீட்டுல கேக்கப்போறது எனக்க பாட்ட மட்டும்தான். அம்மா எப்பிடிப் பேசுவான்னு அவளுக்கு மறந்துபோச்சுன்னா இதத்தான் போட்டுப் பாப்பா. அவ நோவக் கேக்கண்டாம். நீ எடுத்திரு. நல்லா எடு. ஒனக்குத்தான் தெரியும்." டெல்பின் என்னால முடியாது பிள்ளே என்றாள். "முடியும். ஒனக்க ஆறுதலுக்காட்டு எனக்க மவளுக்கு அத வைக்காத" என்றாள் ஷைனி. அதற்குள் பக்கத்தில் யாரோ மலையாளத்தில் கூப்பிடுவது கேட்டது, சக்கரக் கட்டிலின் கிறீச் கேட்டது. "வந்துட்டாவ. வைக்கேன் அக்கா. மிச்சத்த எழுதிச் சண்ட போடுவோம்." வைத்துவிட்டாள். இவ்வளவு சீக்கிரம் வைப்பாள் என்று டெல்பின் நினைக்கவில்லை. கடைசி வார்த்தை போடுவோம் என்பதா, சண்ட என்பதா? எதைப் பிடித்து வைத்துக்கொள்வது? போன் பேச்சைப் பதிவு செய்யவில்லை. பதினேழு வருஷமாகக் கண்டவன் இருமலையெல்லாம் பதிவு செய்தவள் இதைச் செய்யவில்லை.

பிறகு வேலை நடந்தது. மிட்டை இறக்கினாள். மைனஸ் ஒன்பது. ஒவ்வொரு புள்ளியாகத் திருப்பும்போதும் யாருடைய கழுத்தையோ தொடுவதுபோல இருந்தது. அதே மணியில் அங்கே வேறொரு கை கத்தியோடு அதே இடத்தில் இறங்கிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு வந்தது. அந்தக் கை தப்பாது, இந்தக் கையும் தப்பக் கூடாது, தப்பினால் பாட்டு கெடும். ட்ரெபிளை ஏற்றியபோது ஸகரங்கள் கீச்சிட்டன, இறக்கினாள். பாஸ் அதிகமானபோது ஆர்மோனியம் அவள் குரலை அமுக்கியது, ஆர்மோனியத்தின் பாஸைப் பிடுங்கித் தங்கச்சிக்கு வழிவிட்டாள். இதுவரை யாருக்கும் இவ்வளவு சுத்தமாக மிக்ஸ் செய்ததில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. அதில் பெருமை எட்டிப்பார்த்தபோது தன்னையே காறித் துப்பத் தோன்றியது. ஒன்றரைக்குச் செக்ரட்டரி வந்து பென்டிரைவை வாங்கினார், நின்றபடியே ஒரு தடவை கேட்டார், கண்ணைத் துடைத்தார். "ஒரு கொறை சொல்லணுமே! நோவு உள்ள பிள்ள பாடினதுன்னு ஆராவது சொல்லுவாவளா?" என்றார். டெல்பின் கதவைப் பூட்டினாள்.

வடசேரியில் திருவனந்தபுரம் பஸ் கிடைக்க மூன்றரை ஆயிற்று. தக்கலையில் அரை மணிநேரம் நின்றது, மார்த்தாண்டத்துப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் நேரத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். பதினொன்றுக்கு உள்ளே போனால் மூன்றுக்கு முடியும், நாலுக்கு முடியும், ஐந்துக்குமேல் போனால் ஏதோ ஆகிவிட்டது, இல்லை டாக்டரே ஆறு மணிநேரம் என்றுதானே சொன்னார். அங்கே போய் எப்படி நிற்பது? கட்டிலின் தலைமாட்டிலா கால்மாட்டிலா? அவள் கண்ணைப் பார்த்தால் அதில் அந்த ஆத்திரம் இருக்கும். இருக்கட்டும், இருந்தால் அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் பஸ் ஏறியபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. போன் அடித்தது. கிங்ஸ்லி. "முடிஞ்சுது மைனி" என்றான். அவன் குரல் அழுது ஓய்ந்ததுபோல இருந்தது. "எல்லாம் எடுத்தாச்சாம். வேற எங்கயும் பரவல்லன்னு டாக்டர் சொன்னாரு. உயிருக்குப் பயம் இல்ல. இப்பத்தான் உள்ள விட்டாவ, பாத்தேன். கண்ணத் தொறந்தா. என்னத் தெரிஞ்சுக்கிட்டா." டெல்பின் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்தாள். சந்தோஷம்தான் அது, வேறு பேரில்லை. அந்தச் சந்தோஷத்தில், வாய் தன்பாட்டுக்கு, எத்தனையோ தடவை கேட்ட பழக்கத்தில், "என்ன சொன்னா?" என்று கேட்டுவிட்டாள்.

கிங்ஸ்லி போனை வைக்கவில்லை, அங்கே ஏதோ ஒரு மிஷின் விட்டுவிட்டு ஒலிப்பதும், யாரோ யாரையோ நம்பர் சொல்லி அழைப்பதும் கேட்டுக்கொண்டிருந்தன. வெகுநேரம் கழித்து, "நீங்க வாங்க மைனி" என்றான். "வந்தாப் போதும்."

டெல்பின் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆட்களை விலக்கி, முன்வாசல் படிக்குப் பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "சேச்சி, திருவனந்தபுரத்துக்கு இன்னும் ஒரு மணிக்கூர் உண்டு. போய் இருங்க" என்றார். காதில் விழுந்தது என்பதற்கு அவள் தலையை ஆட்டினாள். உட்காரப் போகவில்லை.